ப்ரெல்லர் பாட்ரேஸின் எதிர்காலத்தை விற்றுவிட்டாரா?

கேள்வி இதுதான்: சான் டியாகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர் ஏ.ஜே. ப்ரெல்லர், இளம் வீரர்களைத் தேடித் தேடி எடுக்கிறார், பிறகு அவர்களையே டிரேடில் (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது) கொடுத்துவிடுகிறார். ரசிகர்களில் ஒரு சாரார் அவரை மேதை என்கிறார்கள். இன்னொரு சாரார், விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறார் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் தப்பான டிரேடை வைத்துச் சண்டை போடுகிறார்கள் என்பது என் கருத்து. நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவை வாங்கக் கொடுத்த விலைதான் எப்போதும் பேச்சு. ஆனால் இந்த அணியை உண்மையில் கடித்தது பெரிய பெயர்கள் போனது அல்ல. டிரேடு செய்தியின் கடைசி வரியில் வரும், அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளாத, சம்பளம் குறைந்த நடுத்தட்டு ஆட்கள் போனதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இந்த ஏற்பாடே குழப்பும். இங்கே ஏலம் கிடையாது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி வீரர்களை ஒவ்வொரு ஜூலையிலும் டிராஃப்டில் அணிகள் வரிசைப்படி எடுக்கும். இப்போது 20 சுற்று. டொமினிக்கன், வெனிசுவேலா பையன்களை 16 வயதில் நேரடியாக ஒப்பந்தம் செய்வார்கள். எடுத்த பையன் கீழ்மட்ட மைனர் லீக்கில் மூன்று நான்கு வருடம் தேற வேண்டும். மேலே, மேஜர் லீக்குக்கு வந்த பிறகு ஆறு சீசன் அவன் அந்த அணிக்குத்தான் சொந்தம். அதில் முதல் மூன்று வருடம் ஏறக்குறையக் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025-இல் அது 7,60,000 டாலர். அதே வேலையைச் செய்யும் சீனியர் வீரரைச் சந்தையில் வாங்கினால் ஒன்றரை, இரண்டு கோடி டாலர் ஆகலாம். இளம் வீரர்களை ரசிகர்கள் நகை மாதிரி எண்ணிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். டி.வி. சந்தை அளவில் கடைசி வரிசையில் இருக்கும் சான் டியாகோ போன்ற ஊருக்கு இது இன்னும் முக்கியம்.

ப்ரெல்லர் 2014 ஆகஸ்டில் வந்தார். அதற்கு முன்னால் இந்த அணியின் டிராஃப்ட் வரலாறு எப்படி என்றால், 2004-இல் மொத்த டிராஃப்டிலும் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு இருந்தும் உள்ளூர்ப் பையன் மேட் புஷ்ஷை ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) எடுத்தார்கள். அவர் பாட்ரேஸுக்காக மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாவதாகப் போனவர், பின்னாளில் தலைசிறந்த பிச்சர்களில் (பந்து வீசுபவர்கள்) ஒருவரான ஜஸ்டின் வெர்லாண்டர். பழைய ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே ப்ரெல்லர் கடையையே புரட்டிப்போட்டார். மேட் கெம்ப், வில் மையர்ஸ், ஜஸ்டின் அப்டன், ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள் க்ரெய்க் கிம்ப்ரல் என்று வரிசையாகப் பெரிய பெயர்களை வாங்கினார். உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குத் தீபாவளி. அணி 2015-இல் 74 வெற்றி, 88 தோல்வி. இந்தக் காலத்தை யாராலும் நியாயப்படுத்த முடியாது, நானும் முயலப்போவதில்லை. மையர்ஸுக்காகப் போனவர்களில் பின்னாளில் நட்சத்திரமான ட்ரே டர்னர் ஒருவர். 2014 டிராஃப்டில் பாட்ரேஸே 13-ஆவதாக எடுத்த பையன். எடுத்து ஒரு வருடம் ஆகாமல் டிரேடு செய்யக் கூடாது என்று அப்போது விதி. அதனால் அவர் மாதக்கணக்கில் பாட்ரேஸ் சட்டை போட்டுக்கொண்டே, தான் வேறு அணிக்குப் போகப்போவது தெரிந்து ஆடினார். அந்தக் கூத்துக்குப் பிறகு விதியையே மாற்றினார்கள். அப்டனுக்காக அட்லாண்டாவுக்குப் போனவர்களில் மேக்ஸ் ஃப்ரீட். கிம்ப்ரலுக்காகக் கொடுத்தவற்றில் 41-ஆவது டிராஃப்ட் தேர்வும் ஒன்று. அட்லாண்டா அதில் எடுத்தது ஆஸ்டின் ரைலியை. 2021 உலகத் தொடரை (சீசனின் கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) அட்லாண்டா வென்றபோது, கடைசி ஆட்டத்தில் பந்து வீசத் தொடங்கியவர் ஃப்ரீட், மூன்றாவது பேஸில் நின்றவர் ரைலி. பாட்ரேஸ் இன்றுவரை ஒரு உலகத் தொடரும் வென்றதில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் அதே குழப்பத்திலிருந்துதான் இந்த அணியின் மிகச் சிறந்த டிரேடும் வந்தது. ஷீல்ட்ஸுக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்ததில் 2015-இன் முதல் சுற்றுத் தேர்வையும் இழந்திருந்தார்கள். 2016 ஜூனில் அவரை வைட் சாக்ஸ் அணிக்குத் தள்ளிவிட்டபோது, எரிக் ஜான்சன் என்ற பிச்சரோடு 17 வயதுப் பையன் ஒருவனையும் கேட்டு வாங்கினார்கள். அவன் அப்போது அமெரிக்காவில் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், பின்னாளில் அணியின் நட்சத்திரம். அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வயதுப் பையன்களைப் பார்த்து எடைபோடுவதில் ப்ரெல்லரின் ஆட்களுக்கு நிகர் குறைவு என்பது என் கணிப்பு. அதே வருடம் வெளிநாட்டு இளைஞர்கள் மேல் வரம்பை மீறிச் செலவழித்து, அபராத வரியும் கட்டினார்கள். கியூபாவின் அட்ரியன் மொரெஹோனுக்கு மட்டும் 1.1 கோடி டாலர். 2018, 2019 வாக்கில் பெரும்பாலான பட்டியல்களில் பாட்ரேஸின் மைனர் லீக் படைதான் முதல் இடத்தில் அல்லது அதை ஒட்டி.

டிராஃப்டுக்கு வருவோம். இதில் ப்ரெல்லருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2016-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து கால் குவாண்ட்ரிலை முதலில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு 2017-இலிருந்து 2025 வரை ஒவ்வொரு வருடமும் முதல் தேர்வு பள்ளி மாணவன்தான்: மெக்கென்ஸி கோர், ரையன் வெதர்ஸ், சி.ஜே. ஏப்ரம்ஸ், ராபர்ட் ஹாஸல், ஜாக்சன் மெரில், டிலன் லெஸ்கோ, டிலன் ஹெட், காஷ் மேஃபீல்ட், க்ரூஸ் ஸ்கூல்க்ராஃப்ட். கல்லூரி வீரர் சீக்கிரம் தேறுவார், உச்சவரம்பு தெரிந்துவிடும். பள்ளிப் பையன் தேற நேரம் எடுக்கும், பாதிப் பேர் காணாமல் போவார்கள், ஆனால் தேறினால் நட்சத்திரம். அதைவிட முக்கியம், தேறுவதற்கு முன்பே அவனுக்குச் சந்தையில் விலை இருக்கும். 18 வயதுப் பையனைப் பற்றி மற்ற அணிகள் கனவு காணலாம். 22 வயதுக் கல்லூரி பிச்சரைப் பற்றிக் கனவு காண முடியாது. ப்ரெல்லர் பள்ளிப் பையன்களை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர் சொல்லிக் கேட்டதில்லை, செய்வதைப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த வழியின் ஆகச் சிறந்த பலன் மெரில். 2021-இல் 27-ஆவது தேர்வு. அப்போது பெரிய பேச்சில்லை. ஷார்ட்ஸ்டாப்பாகவே வளர்ந்தவரை 2024-இல் சென்டர் ஃபீல்டில் நிறுத்தி, 20 வயதில் நேராக மேஜர் லீக்கில் இறக்கினார்கள். 24 ஹோம் ரன், .292 பேட்டிங் சராசரி. அந்த வருடம் பால் ஸ்கீன்ஸ் என்ற பிச்சர் இல்லாவிட்டால் நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் அவர்தான். 2025 ஏப்ரலில் ஒன்பது வருடம், 13.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமும் போட்டாயிற்று. எதிர்ப்பக்கத்தில் லெஸ்கோ. முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிச்சர் என்பதால்தான் 2022-இல் 15-ஆவது இடம்வரை கிடைத்தார். திரும்பி வந்தும் பந்து கட்டுக்குள் வரவில்லை.

இப்போது சோட்டோ. 2022 ஆகஸ்ட் 2. அவருக்கு வயது 23. நேஷனல்ஸ் அணி தர முன்வந்த 44 கோடி டாலரை மறுத்திருந்தார். பாட்ரேஸ் கொடுத்தது கோர், ஏப்ரம்ஸ், ஹாஸல், ஜேம்ஸ் வுட், ஹார்லின் சுசானா, கூடவே லூக் வாய்ட். சோட்டோவோடு ஜாஷ் பெல்லும் வந்தார். பின்னாளில் ஏப்ரம்ஸ், கோர், வுட் மூவரும் ஆல்ஸ்டார் (வருடத்தின் சிறந்த வீரர்கள் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார்கள். வுட் 2025-இல் 31 ஹோம் ரன் அடித்தார். 2021-இல் இரண்டாம் சுற்றில் 62-ஆவதாக எடுத்த பையன் அவர். இதைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது பலருக்கு. புரிகிறது.

கணக்கை முழுதாகப் போடுங்கள். அந்த அக்டோபரில் 101 வெற்றி பெற்ற மெட்ஸையும், 111 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸையும் வீழ்த்தி பாட்ரேஸ் லீக் இறுதிவரை போனது. 2023-இல் சோட்டோ 162 ஆட்டமும் ஆடினார், 35 ஹோம் ரன். அணி 82-80 என்று சொதப்பியது அவர் குற்றமில்லை. அந்த நவம்பரில் உரிமையாளர் பீட்டர் சைட்லர் காலமானார், டி.வி. ஒளிபரப்பு நிறுவனம் திவாலானதில் அந்த வருமானமும் ஆட்டம் கண்டிருந்தது, சம்பளப் பட்டியலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டி வந்தது. சோட்டோவை யாங்கீஸுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு மைக்கேல் கிங், கைல் ஹிகாஷியோகா, ராண்டி வாஸ்கெஸ், ஜானி ப்ரிட்டோ, ட்ரூ தோர்ப். மூன்று மாதத்தில் அந்தத் தோர்ப்பை முன்வைத்து டிலன் சீஸை வாங்கினார்கள். 2024-இல் கிங் 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது), சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஒன்று (அதுவும் நேஷனல்ஸுக்கு எதிராக, வாஷிங்டனிலேயே!), அணி 93 வெற்றி. சோட்டோ போன பிறகுதான் அணி தேறியது என்று கிண்டலாகச் சொல்வார்கள். உண்மையில் சோட்டோவாக மாறிய அந்த ஐந்து இளைஞர்கள் பிறகு கிங்காகவும் சீஸாகவும் மாறினார்கள். மறுபக்கம் நேஷனல்ஸ் 2025-இல் 96 தோல்வி. அந்த டிரேடைச் செய்த மைக் ரிஸ்ஸோவை சீசன் நடுவிலேயே நீக்கினார்கள். மூன்று நல்ல இளைஞர்களை வைத்துக்கொண்டு ஒரு அணியைக் கட்டிவிட முடியாது. ஆகவே சோட்டோ டிரேடை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். விலை அதிகம்தான். வாங்கிய பொருள் அந்த விலைக்குத் தகும்.

போய்க் காணாமல் போனவர்களையும் எண்ண வேண்டுமே. ப்ளேக் ஸ்நெலுக்காக லூயிஸ் பட்டினோவைக் கொடுத்தபோது பெரும் புலம்பல். ஸ்நெல் 2023-இல் பாட்ரேஸ் சட்டையில் சிறந்த பிச்சருக்கான சை யங் விருது வாங்கினார். பட்டினோ காயங்களில் கரைந்துபோனார். ஹாஸலும் எதிர்பார்த்த ஆளாக வரவில்லை. டேலர் டிராமல், எஸ்தூரி ருயிஸ், ரெஜினால்ட் பிரேசியாடோ எல்லோரும் ஒரு காலத்தில் பட்டியல்களில் மின்னிய பெயர்கள்தான். இவர்களைக் கொடுத்ததற்காக யாரும் ப்ரெல்லருக்கு மாலை போட்டதில்லை. நம்ம பையன் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று வெளியாட்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. டாட்டிஸையும் மெரிலையும் யார் கேட்டும் விடவில்லை என்பதும் அதே கணக்கில்தான் வரும்.

சரி, அப்படியானால் தப்பு எங்கே? 2020 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி 2021 ஜனவரிவரை நடந்ததைப் பாருங்கள். எனக்கு இதுதான் இந்தக் கதையின் மையம்.

2006-க்குப் பிறகு முதல்முறையாக ப்ளேஆஃப் கண்ணுக்குத் தெரிந்தது. ப்ரெல்லருக்குக் கை அரித்தது. க்ளீவ்லேண்டிலிருந்து மைக் க்ளெவிஞ்சரை வாங்க ஆறு பேரைக் கொடுத்தார்: ஜாஷ் நேலர், கால் குவாண்ட்ரில், ஆஸ்டின் ஹெட்ஜஸ், கேப்ரியல் அரியாஸ், ஜோயி கண்டில்லோ, ஓவன் மில்லர். அதற்கு முந்தைய நாள் சியாட்டிலிலிருந்து ஆஸ்டின் நோலா என்ற கேட்சரையும் இரண்டு ரிலீவர்களையும் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிச்சர்கள்) வாங்க டை ஃப்ரான்ஸ், ஆண்ட்ரெஸ் முன்யோஸ், டிராமல், லூயிஸ் டொரென்ஸ். ஜனவரியில் ஜோ மஸ்க்ரோவுக்காகப் போனவர்களில் டேவிட் பெட்னார். க்ளெவிஞ்சர் அந்த ப்ளேஆஃபில் ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டு முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போய் 2021 முழுக்க ஆடவில்லை. காயம் யாருக்கும் வரலாம், அதற்குத் திட்டமாட்டேன். மஸ்க்ரோவும் வந்த மூன்று மாதத்துக்குள்ளேயே, 2021 ஏப்ரல் 9 அன்று, பாட்ரேஸ் வரலாற்றின் முதல் நோ-ஹிட்டரை வீசினார்; அந்த டிரேடு நல்ல டிரேடு.

ஆனால் 2021 ஆகஸ்டில் என்ன ஆனது? ப்ளேஆஃப் இடத்தில் வசதியாக இருந்த அணியின் பிச்சர்கள் வரிசையாகக் காயமடைந்தார்கள். கீழேயிருந்து கொண்டுவர ஆள் இல்லை. மற்ற அணிகள் கழற்றிவிட்ட ஜேக் அரியேட்டாவையும் வின்ஸ் வெலாஸ்கெஸையும் கூட்டிவந்து வீசவைத்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. அதே நேரம் க்ளீவ்லேண்டில் குவாண்ட்ரில் 2.89 ஈஆர்ஏவில் அமைதியாக வீசிக்கொண்டிருந்தார். பெட்னார் பிட்ஸ்பர்கில் கலக்கினார். பாட்ரேஸ் 79-83 என்று முடித்தது. குவாண்ட்ரிலை யாரும் நட்சத்திரம் என்று சொன்னதில்லை. ஐந்தாவது பிச்சர், குறைந்த சம்பளம், ஆறு இன்னிங்ஸ் தாங்குவார். 162 ஆட்டம் ஓடும் சீசனில் ஆகஸ்ட் மாதம் உயிரோடு இருக்க அப்படி நாலு பேர் வேண்டும். அவர்களைத்தான் ப்ரெல்லர் டிரேடு முடிய வேண்டுமே என்று கொசுறாகக் கொடுத்துவிடுகிறார்.

இது ஒருமுறை நடந்ததல்ல. 2016-இல் மார்லின்ஸோடு செய்த ஒரு டிரேடில் லூயிஸ் காஸ்டில்லோ என்ற பிச்சர் பாட்ரேஸுக்கு வந்தார். பதிலுக்குப் போன பிச்சர்களில் ஒருவர் காயமடைந்ததால் மார்லின்ஸ் அவரைத் திருப்பி அனுப்ப, காஸ்டில்லோ மார்லின்ஸுக்கே திரும்பிப் போனார். கைக்கு வந்தவர் சில நாளிலேயே கைநழுவினார். 2018-இல் இமானுவேல் க்ளாசே என்ற பிச்சர் ஒரு கேட்சருக்காக டெக்சஸுக்குப் போனார். 2022 முதல் 2024 வரை மூன்று வருடமும் அமெரிக்கன் லீக்கில் அதிக சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பது) எடுத்தவர் அவர். முன்யோஸ் சியாட்டிலில் இரண்டு முறை ஆல்ஸ்டார். நோலாவுக்கும் ஒரு பெருமை உண்டு: 2022 லீக் இறுதியில் தன் சொந்த அண்ணன்-தம்பிச் சண்டையில் ஏரன் நோலாவின் பந்தில் ரன் எடுத்துக் கொடுத்தார். அழகான நிமிடம். அதற்காக முன்யோஸையும் ஃப்ரான்ஸையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டுமா?

பிறகு, நல்ல க்ளோசர்களை (கடைசி இன்னிங்ஸ் வீசும் ரிலீவர்கள்) இப்படி இலவசமாக வெளியே அனுப்பிவிட்டு, ரிலீவர்களை வாங்கவே இளைஞர்களைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் டானர் ஸ்காட், பிரையன் ஹோயிங் இருவருக்காக ராபி ஸ்நெலிங், ஆடம் மேஸர் உட்பட நான்கு பேர். ஜேசன் ஆடமுக்காக லெஸ்கோவோடு இன்னும் இருவர். ஸ்காட் அந்த ப்ளேஆஃபில் டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஓட்டானியை நான்கு முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், கை தட்டினோம். ஜனவரியில் டாட்ஜர்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 2024 மே மாதம் லூயிஸ் அராயெஸுக்காகப் போன நால்வரில் ஹெட் பெயரைத்தான் எல்லோரும் பேசினார்கள். 2025-இல் மார்லின்ஸ் அணியில் வந்து இறங்கி அடித்தவர் ஜேக்கப் மார்சீ, ஆறாம் சுற்றுப் பையன். 2025 ஜூலையில் ஃப்ரெடி ஃபெர்மின் என்ற கேட்சருக்காகப் போன ரையன் பெர்கர்ட்டும் ஆறாம் சுற்றுதான், அந்த சீசனில் அணிக்காக ஒழுங்காக வீசிக்கொண்டிருந்தவர். கேட்சர் தேவைதான். ஆனால் அக்டோபர் தொடங்கும்போது நம்பி நிறுத்த எத்தனை ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிச்சர்கள்) மிச்சம் என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

கடைசியாக லியோ டி வ்ரீஸ். 2024 ஜனவரியில் 42 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமான பையன், 2025 ஜூலை 31 அன்று 18 வயதில் அத்லெடிக்ஸுக்குப் போனார். வந்தவர்கள் மேசன் மில்லரும் ஜே.பி. சியர்ஸும். மில்லர் 2029 வரை அணிக்குச் சொந்தம், ப்ளேஆஃபில் 104 மைலைத் தாண்டி வீசினார். இருந்தும் கப்ஸிடம் மூன்றாவது ஆட்டத்தில் தோற்று வெளியே வந்தார்கள். ஒரு இன்னிங்ஸ் வீசுபவருக்கு மொத்த லீகிலும் மதிப்புமிக்க இளைஞர்களில் ஒருவனைக் கொடுக்கலாமா என்று கேட்டால், நான் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் டி வ்ரீஸ் பெரிய ஆளாக வந்தாலும் இந்த அணி அதைத் தாங்கும். டர்னர் போனதைத் தாங்கியது, வுட் போனதைத் தாங்கியது. இன்னொரு 16 வயதுப் பையனை எங்கிருந்தாவது கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குக் கவலை, அந்த டிரேடில் அவரோடு சேர்த்து அனுப்பிய பிரேடன் நெட், ஹென்றி பயஸ், எடுவார்னியல் நூன்யெஸ் என்ற மூன்று பிச்சர்களைப் பற்றித்தான். அந்த டிரேடுக்குப் பிறகு மைனர் லீக் பட்டியல்களில் பாட்ரேஸ் கடைசி வரிசைக்கு அருகே போய்விட்டது. அப்போது மஸ்க்ரோ அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது, இன்னொரு பிச்சர் யூ டார்விஷுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் சம்பளம் குறைந்த மூன்று கைகளை ஒரே டிரேடில் கொசுறாகக் கொடுத்தது 2020 ஆகஸ்டில் செய்ததேதான்.